ஜஹாரின் செய்த கண்ணாடி அலமாரி

முப்பத்துநான்கு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர் ஜஹாரின். தோட்ட எல்லையோ ஆற்று வளைவோ, எதைக் கொடுத்தாலும் அவர் பேனா மயிரிழை பிசகாது. அவர் போட்ட கோட்டை மேலதிகாரிகள் மறுபடி அளந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஓய்வு பெற்று, தைப்பிங்கில் வாங்கிய சொந்த வீட்டுக்குக் குடிவந்ததும், தன் மனைவிக்கு ஒரு கண்ணாடி அலமாரி செய்து தருவதாக அவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அளவு தெரிந்தவனுக்கு மரவேலை எம்மாத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மனைவி மஹானிக்குப் பீங்கான் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் லங்காவியில் ரோஜாப்பூ போட்ட தேநீர்க் கோப்பை ஜோடி ஒன்று வாங்கினாள். அதில் தொடங்கியது. பாடாங் பெசார் சந்தைக்குப் பெண்கள் வாடகைக்குப் பேருந்து பேசிக்கொண்டு போகும்போதெல்லாம் அவளும் போவாள். ஒரு முறை தட்டு, ஒரு முறை கிண்ணம், ஒரு முறை மூடி போட்ட பெரிய சூப் பாத்திரம். ஆனால் ஜஹாரினுக்கு ஏழு ஊர் மாற்றல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் பழைய நாளிதழில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போய், புதுக் குடியிருப்பில் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பாள். எடுத்து அடுக்க இடமிருந்ததில்லை.

"சொந்த வீடு வரட்டும், அபாங்," என்பாள். கணவரை அவள் அபாங் என்றுதான் கூப்பிடுவாள்.

மஹானியின் மூத்த அக்கா காக் லோங் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் கடையில் வாங்கிய அலமாரி நின்றது, உள்ளே விளக்கு வேறு எரிந்தது. தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னடி, உன் பீங்கானெல்லாம் இன்னும் பெட்டிக்குள்ள தூங்குதா? எலி குட்டி போட்டிருக்கும், பாரு."

"அபாங் செஞ்சு தராரு, காக் லோங்."

"அவரு கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள உன் பொண்ணுக்கே பொண்ணு பொறந்துடும்."

கார் கொட்டகையில் பலகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று மாதம் வேலை செய்தார் ஜஹாரின். மெரந்தி மரம். நாலரை அடி அகலம், ஆறடி உயரம். நடுவில் மூன்று கண்ணாடித் தட்டு, அடியில் மரத் தட்டு, முன்னால் மூன்று கண்ணாடிக் கதவு. சட்டங்களின் மூலைகளைத் தாள்கூட நுழையாதபடி பொருத்தினார். வெயில் வந்தால் வேலை, மழை வந்தால் ஓய்வு. தைப்பிங்கில் மழைதான் அதிகம் என்பதால் ஓய்வும் அதிகம்.

கதவுச் சட்டங்களை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பக்கத்தில் இருந்த யாப்பின் கண்ணாடிக் கடைக்குப் போனார். யாப் நாற்பது வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிற கிழவன். அளவு எழுதிய தாளைப் பார்த்துவிட்டு மேலும் கீழும் தலையை ஆட்டினான்.

"மூணு மில்லி கம்மியா வெட்டுறேன், என்சிக்," என்றான். ஐயா என்பதை அவன் என்சிக் என்றுதான் சொல்வான்.

"எதுக்கு? சட்டம் எவ்வளவோ அவ்வளவு வெட்டு, தௌக்கே. நான் அளவையில இருந்தவன்." கடை முதலாளியைத் தௌக்கே என்பது அந்த ஊர் வழக்கம்.

"நீங்க அளந்தது மண்ண. மண்ணு அங்கயே கெடக்கும். மரம் இருக்குதே, இந்த ஊருல அது தெனமும் குளிக்குது, உப்புது. எடம் விடணும்."

"என் வேலையில மூணு மில்லி தப்பு வந்ததே இல்ல."

யாப் ஒரு பலகையை எடுத்து மேசையில் போட்டான். சொன்ன அளவுக்கே வெட்டிக் கொடுத்தான். மூன்று கண்ணாடியும் சட்டத்துக்குள் உறை போட்டதுபோல உட்கார்ந்தன. அன்று சாயங்காலம் மஹானி அண்டை வீட்டுப் பெண்களை எல்லாம் கூட்டி வந்து காட்டினாள்.

அடுத்த வாரம் ஐந்து நாள் மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஜஹாரின் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். நடுக்கதவின் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை கோடு விழுந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கக் கதவும் டிக்கென்றது.

நேரே யாப்பிடம் போனார். தப்பு தன்னுடையது என்று வழியெல்லாம் தெரிந்துதான் போனார். ஆனால் கடை வாசலில் நின்றதும் வேறு வார்த்தை வந்தது.

"பழைய கண்ணாடியக் குடுத்து ஏமாத்திட்ட, தௌக்கே."

யாப்பின் முகம் சுருங்கிப்போனது. "நாப்பது வருஷத்துல இந்த வார்த்தைய யாரும் என்கிட்ட சொன்னதில்ல, என்சிக். வேற கடை பாருங்க."

அதற்குப் பிறகு ஜஹாரின் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை.

இதற்கெல்லாம் முன்னாலேயே இன்னொன்று தொடங்கியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சும்மா இருக்கும்போது தாமாக உருளும், கண்ணுக்குத் தெரியாத மணி ஒன்றை உருட்டுவதுபோல. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டு ஹம்டான் அதைப் பார்த்துவிட்டார்.

"பென்ஷன் வந்ததும் பக்தி முத்திப்போச்சு போல. தஸ்பீஹ் மணி கையில இல்லாமயே எண்ணிக்கிட்டு இருக்கீங்களே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜஹாரினும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவருடைய சித்தப்பா ஒருவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி நாலு வருஷம் அவருக்குச் சித்தி சோறு ஊட்டினாள். கஞ்சி வாயோரம் வழிய, விருந்தாளி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவார். அந்த முதுகு ஜஹாரின் மனதைவிட்டுப் போனதேயில்லை. கை அசந்துவிட்டது, வயசு, காப்பி அதிகம் என்று தனக்கே ஏதேதோ சொல்லிக்கொண்டார். இந்த அலமாரியை ஒழுங்காக முடித்துவிட்டால் கைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். எப்படியோ அவர் மனதில் இந்தக் கணக்கு புகுந்துவிட்டது. புகுந்த பிறகு வெளியே போகவில்லை.

ஈப்போவில் வேலை பார்த்த ஒரே மகள் வர்தினாவுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு ஒரு சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. நாள் குறித்த அன்றே மஹானி சொன்னாள்:

"அதுக்குள்ள அலமாரி உள்ள வந்துடணும், அபாங். அவங்க வரும்போது என் சாமானெல்லாம் கூடத்துல இருக்கணும். முப்பத்தாறு வருஷமாச்சு. இத மட்டும் பண்ணிக் குடுங்க, வேற ஒண்ணும் நான் கேக்கல."

இனி யாரிடமும் போவதில்லை, தானே வெட்டுவது என்று ஜஹாரின் முடிவு செய்தார். பக்கத்து ஊரான கமுந்திங்கில் ஒரு கடையிலிருந்து முழுக் கண்ணாடிப் பலகைகளையும் கண்ணாடி கீறும் கருவியையும் வாங்கி வந்தார். கண்ணாடியை ஒரே இழுப்பில் கீற வேண்டும். நடுவில் நின்றாலோ கோணினாலோ விரிசல் தன் போக்கில் ஓடிவிடும். முதல் பலகை குறுக்கே போனது. இரண்டாவது பாதிவரை நேராக வந்து பிறகு வளைந்தது. கருவி சரியில்லை என்று வேறு வாங்கினார். வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றினார். ஐந்தாவது பலகை உடைந்தபோது கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடியைத் தரையில் போட்டு, கைலித் துண்டால் கருவி பிடித்த வலது மணிக்கட்டை ஒரு மரக்கட்டையோடு இறுகக் கட்டி, இரும்பு அளவுகோலின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, இடக்கையால் அந்தக் கட்டையை இழுத்தார். விரல்கள் நீலம் பாரித்தன. கோடு நேராக வந்தது. இந்த முறை நாலு மில்லிமீட்டர் இடமும் விட்டார். அப்படி நாலு நாளில் மூன்று கதவும் மூன்று தட்டும் வெட்டி முடித்தார்.

எதிர்வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன வித்த இது? கைய கட்டிக்கிட்டு கண்ணாடி வெட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"இது ஜப்பான் முறை," என்றார் ஜஹாரின்.

நிச்சயதார்த்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை துளை போடுகிற வேலை. கண்ணாடித் தட்டு ஒவ்வொன்றையும் நாலு பித்தளை முளைகள் தாங்க வேண்டும். பதினோரு துளை நல்லபடியாக விழுந்தன. மேல்தட்டின் இடப்பக்கம், பின்மூலை, கடைசித் துளை. டிரில்லை வைத்து அழுத்தும்போது கை ஒரு உதறு உதறியது. முனை வழுக்கி மரத்தைக் குதறிவிட்டது. முளையைப் போட்டால் லொடலொடவென்று ஆடியது.

தட்டை இரண்டு விரற்கடை இறக்கி நாலு துளையும் புதிதாகப் போட்டிருக்கலாம். அது அவருக்குத் தெரியும். ஆனால் இன்னும் நாலு முறை அந்தக் கையை நம்ப வேண்டும். மரத்தூளைப் பசையில் குழைத்துத் துளைக்குள் அடைத்தார், முளையைச் செருகினார், மேலே வண்ணம் தடவினார். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைப் போட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். நின்றது. நிற்கும், நிற்க வேண்டும், யா அல்லா நிற்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கருவிகளைத் துடைத்து வைத்தார்.

புதன்கிழமை காலை ஹம்டானும் இன்னும் இரண்டு பேரும் அலமாரியைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார்கள். அவர்கள் போனதும் மஹானி பெட்டிகளைப் பிரித்தாள். நாளிதழ்களைப் பிரிக்கப் பிரிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷத்தில்.

"இது கெரிக்ல இருந்தப்ப வாங்கினது. இது வர்தினா வயித்துல இருந்தப்ப. ஐயோ, இத மறந்தே போயிட்டேன்!"

மேல்தட்டு அவளுக்கு எட்டாது. ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுக்க, ஜஹாரின் நாற்காலியில் ஏறி நின்று இரண்டு கையாலும் வாங்கி மேலே வைத்தார். இடப்பக்கம் கனமில்லாத சின்னக் கோப்பைகளாகப் பார்த்து வைத்தார். பெரிய சூப் பாத்திரத்தை வலப்பக்கம் தள்ளினார்.

"அது ஏன் அங்க? எடது பக்கம் வைங்க. உள்ள வர்றவங்க கண்ணு மொதல்ல அங்கதான் படும்."

"இங்கயே இருக்கட்டுமே."

"ஏன்?"

இதுதான் சொல்லவேண்டிய நேரம். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணின் முகம் போலிருந்தது. ஜஹாரின் பாத்திரத்தை எடுத்து இடப்பக்கம் வைத்தார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காக் லோங் வந்தாள். வெளியே மழை தொடங்கியிருந்தது. அலமாரியின் முன்னால் நின்று கன்னத்தில் கைவைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெசமாவே நல்லாயிருக்குடி. என்னோடது வெறும் பிளைவுட்டு. இது சாமான்." பிறகு ஜஹாரின் பக்கம் திரும்பினாள். "உன்ன என்னமோ நெனச்சேன். என் வாய அடைச்சுட்ட."

மஹானி பூரித்துப்போய்த் தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். காக் லோங்கும் பின்னாலேயே போனாள். ஜஹாரின் மட்டும் கூடத்தில் இருந்தார். அவர் கண் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. கனத்தை இறக்கிவிடலாமா என்று எழுந்தார். இரண்டடி வைத்திருப்பார்.

முதலில் மேல்தட்டின் இடமூலை மெதுவாகச் சாய்ந்தது. சூப் பாத்திரம் வழுக்கிக்கொண்டு வந்து கதவில் மோதியது. பிறகு எல்லாம் ஒன்றாக. மேல்தட்டு இரண்டாவதின் மேல், இரண்டாவது மூன்றாவதின் மேல். அந்தச் சத்தம் நிற்கவே நிற்காதோ என்று அவருக்குத் தோன்றியது. நின்ற பிறகும் உள்ளே ஏதோ ஒரு மூடி மட்டும் சுற்றிச் சுற்றி அடங்கியது.

மஹானி ஓடிவந்து அலமாரிக் கதவைத் திறந்தாள். திறந்ததும் பாதி அவள் காலடியில் கொட்டியது. குனிந்து கையால் வாரினாள். ஜஹாரின் தடுக்கத் தடுக்க வாரினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

"எப்படி?" என்றாள். "எப்படி அபாங்?"

காக் லோங்கும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி," என்றார் ஜஹாரின். "அந்தக் கமுந்திங் கடைக்காரன் மட்டமான கண்ணாடியக் குடுத்துட்டான்."

மஹானி எழுந்தாள். கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். வாளியில் நாலு கை கண்ணாடித் துண்டை அள்ளிப் போட்டாள்.

"வண்டிய எடுங்க."

"எங்க?"

"அவன் கடைக்கு. அவன் மூஞ்சியில இதக் கொட்டிட்டு வரேன். ஊருக்கே சொல்றேன்."

"இப்ப வேணாம். மழை பெய்யுது. கையில ரத்தம் வருது."

"எடுங்கன்னு சொல்றேன்."

ஓட்டினார். மழையில் பாதை தெரியவில்லை. அவள் மடியில் வாளி ஒவ்வொரு மேட்டிலும் கிலுங்கியது. அந்தக் கடைக்காரனை ஜஹாரின் நினைத்துப் பார்த்தார். கண்ணாடிப் பலகைகளை வண்டியில் ஏற்றும்போது, அடியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று தன் சொந்தப் பாயைக் கொடுத்த மனுஷன். கடைத்தெரு முனை வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

"கண்ணாடியில தப்பு இல்ல, மஹானி."

"பின்ன?"

"ஓட்டை தப்பு. மேல்தட்டு, பின்னால. டிரில் வழுக்கிடுச்சு. தூளப் போட்டு அடைச்சுட்டேன்."

"எப்போ?"

"செவ்வாக்கெழம."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "நாம சாமான் வச்சது புதன்கெழம."

"ஆமா."

"ஒவ்வொண்ணா நான் குடுக்க நீங்கதானே வாங்கி வச்சீங்க."

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து வலக்கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அது ஆடியது. அதை மறைக்க அவர் இப்போது ஒன்றும் செய்யவில்லை.

"கை நிக்க மாட்டேங்குது. ரொம்ப நாளா."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஒரே கட்டில்ல படுக்கிறேன், தெரியாமப் போகுமா? நீங்களா வாயத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன். எட்டு மாசமா இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "கை ஆடினா ஆடிட்டுப் போகுது. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? விழும்னு தெரிஞ்சும் என் கையிலேர்ந்து வாங்கி வாங்கி வச்சீங்களே அபாங். அந்தப் பெரிய பாத்திரத்த ஏன் அங்கன்னு கேட்டேனே. அப்பக்கூட சொல்லலியே."

"பயந்துட்டேன்."

"எனக்கா பயந்தீங்க?"

அவர் நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"வண்டியத் திருப்புங்க. கை வலிக்குது," என்றாள். கிளினிக்கில் மூன்று தையல் போட்டார்கள். எப்படிக் கிழிந்தது என்று கேட்ட நர்சிடம், டம்ளர் உடைந்துவிட்டது என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெற்றிலைத் தட்டு, மோதிரம், பலகாரம் எல்லாம் வரிசையாக வந்தன. கூடத்தில் வெறும் அலமாரி பூப்போட்ட பாத்திக் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாள். "வார்னிஷ் காயல," என்றாள் மஹானி சிரித்துக்கொண்டே. பள்ளிவாசலிலிருந்து இரவல் வாங்கிய பிளாஸ்டிக் தட்டுகளில் ரெண்டாங் இறைச்சிக் கறியும் சோறும் பரிமாறினார்கள். மஹானி எல்லோரையும் உபசரித்தாள், எல்லோரோடும் பேசினாள். ஜஹாரின் ஒரு தட்டைக்கூடத் தூக்காமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வர்தினா ஊருக்குத் திரும்பிப் போகும்போது அப்பாவின் கையை முத்தமிட எடுத்தவள், அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தாள். "டாக்டரப் பாருங்க, அயா," என்றாள். அப்பாவை அவள் அயா என்றுதான் கூப்பிடுவாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

வீடு ஊமையாகிவிட்டது. நேரத்துக்குச் சோறு மேசையில் இருக்கும், அவள் இருக்க மாட்டாள். ஜஹாரினால் அலமாரி இருந்த பக்கம் போக முடியவில்லை, போகாமலும் இருக்க முடியவில்லை. கொட்டகையில் இருந்த வாளியைக் கிளறி, ரோஜாப்பூக் கோப்பைகளின் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். பசையை வாங்கிவந்து ஒட்ட உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பிடித்தால் இன்னொன்று விழுந்தது. பசை விரலில் ஒட்டியது, விரல் விரலோடு ஒட்டியது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு கோப்பைக் காதும் பாதி விளிம்பும்தான் சேர்ந்தன. அதையும் கீழே வைக்கும்போது கை உதறிப் பிரிந்துவிட்டது. அந்த அறுபது வயது மனுஷன் கொட்டகையில் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுதார்.

எவ்வளவு நேரம் மஹானி வாசற்படியில் நின்றாள் என்று தெரியாது. வந்தாள். வாளியை எடுத்தாள். மேசையிலிருந்த துண்டுகளைப் புறங்கையால் அதற்குள் தள்ளினாள். நேரே போய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, வெந்நீரும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். விரல்களை அவரே பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அலமாரி விழுந்த பன்னிரண்டாம் நாள் காலை அவருடைய சட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"கெளம்புங்க. ஆஸ்பத்திரியில நம்பர் வாங்கியாச்சு. வண்டி நான் ஓட்டுறேன்."

டாக்டர் தலைத்துணி அணிந்த சின்னப் பெண். கையை நீட்டச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தாள்.

"நடுவுல ஆரம்பிச்சு வெளிய வர்ற மாதிரி சுத்திச் சுத்தி ஒரு சுருள் போடுங்க, பாக் சிக்," என்றாள், மாமா முறை வைத்து.

"காம்பஸ் இருக்கா?" என்றார் ஜஹாரின்.

டாக்டர் சிரித்தாள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று மஹானிக்குத் தெரிந்தது.

பேனாவை வைத்தார். எத்தனை மலைகளுக்கு அவர் சுற்றுக்கோடு போட்டிருப்பார். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. மூன்றாவது சுற்று முந்தியதன் மேலேயே ஏறிவிட்டது. நிறுத்திவிட்டு உள்ளங்கையால் தாளை மூடினார். மஹானி அந்தக் கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் எதுவும் காட்டாமல் டாக்டரிடம் நீட்டினாள்.

பார்க்கின்சன் என்றாள் டாக்டர். மாத்திரையால் கட்டுப்படுத்தலாம், போக்க முடியாது. மஹானிதான் கேள்விகள் கேட்டாள். என்ன சாப்பிடலாம், எத்தனை மணிக்கு மாத்திரை, விழுந்துவிடுவாரா. ஜஹாரின் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அதை உணர்ந்ததும் திடுக்கிட்டு நேராகத் திரும்பிக்கொண்டார்.

அலமாரியை மஹானி விடவில்லை. தானே யாப்பின் கடைக்குப் போய், "என் வீட்டுக்காரர் பேசினது தப்பு. அவரு சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்," என்றாள். அலமாரியைச் சரிபண்ண வர யாப் மறுத்தான். "அவரு வந்து சொல்லட்டும்," என்றான். ஜஹாரினுக்கு அந்தத் தெருவுக்குள் நுழைய மூன்று வாரம் பிடித்தது. ஒரு நாள் போய் நின்றார்.

"என் சட்டம்தான் தப்பு, தௌக்கே. உன் கண்ணாடி இல்ல."

யாப் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். அன்னிக்கே உங்களுக்கும் தெரியும்," என்றான். பிறகு, "புதன்கெழம வரேன்," என்றான்.

வந்தான். உடைந்துபோன மெல்லிசுத் தட்டுகளுக்குப் பதிலாக, விளிம்பு தேய்த்த கனத்த கண்ணாடி கொண்டுவந்திருந்தான். தூள் அடைத்த அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தான், தட்டை இறக்கிப் புதுத் துளைகள் போட்டான். ஒரு காலைக்குள் வேலை முடிந்தது. ஜஹாரின் வெளியே வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்சிக், சட்டத்து மூல ஒவ்வொண்ணும் அருமை. நான் செஞ்சா இப்படி வராது," என்றான் யாப், போகும்போது. ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஜஹாரின் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நூற்று அறுபத்துமூன்று உருப்படியில் மிஞ்சியது நாற்பத்தொன்று. பெரும்பாலும் அடித்தட்டில் இருந்த சாதாரணக் கிண்ணங்கள். மஹானி அவற்றைத் தானே அடுக்கினாள். மேல்தட்டுக்கு நாற்காலி போட்டு ஏறினாள், யாரையும் கூப்பிடவில்லை. பாதித் தட்டு காலியாகவே கிடந்தது.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாத்திரை சாப்பிட்டீங்களா, குடை எடுத்தீங்களா என்ற அளவுக்கு. மாத்திரை வேலை செய்கிற இரண்டு மணி நேரத்தில் ஜஹாரின் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். மற்ற நேரத்தில் சில நாள் அவள் வந்து போட்டுவிடுவாள், சில நாள் வர மாட்டாள். வராத நாட்களில் அவர் பொத்தான் போடாமலே உட்கார்ந்திருப்பார்.

நோன்புப் பெருநாள் வந்தது. காலைத் தொழுகை முடிந்து ஜஹாரின் திரும்பியபோது காக் லோங் குடும்பத்தோடு வந்து கூடத்தில் இருந்தாள். வர்தினாவும் வந்திருந்தாள். மனைவிதான் கணவன் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். மஹானி அதற்காக எழுந்து வந்தாள். அவள் உட்காருவதற்கு முன்னால் ஜஹாரின் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். கை அவர் சொன்னபடி கேட்கவில்லை. அவள் கையைப் பிடிக்க இரண்டு தடவை முயன்றார்.

"காக் லோங்கும் கேக்கணும்," என்றார். "கண்ணாடி மட்டம்னு உங்க ரெண்டு பேருகிட்டயும் பொய் சொன்னேன். ஓட்டை சரியில்லன்னு தெரிஞ்சே அவ சாமான அது மேல வச்சேன். அத்தனையும் ஒடச்சது நான்தான்."

காக் லோங் வாயைத் திறந்து, தங்கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மஹானி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் உருண்டுகொண்டே இருந்தன.

"கை பண்ணினத நான் அன்னிக்கே மன்னிச்சாச்சு," என்றாள். "வாய் பண்ணினத இன்னும் இல்ல. கொஞ்ச நாள் ஆகும். ஆகாமயும் போகலாம். நல்ல நாளும் அதுவுமா உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"சரி," என்றார் ஜஹாரின்.

"எந்திரிங்க. லெமாங் சோறு ஆறுது."

எழ முடியவில்லை. கால் மரத்திருந்தது. அவள் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள், வர்தினா அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள்.